அழிக்கப்பட்ட நாடாக்கள், மீண்டு வந்த பகுதிகள்: ‘டாக்டர் ஹூ’ தொடரின் காப்பக வரலாறு

பிரிட்டனின் பொது ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி, 1963 நவம்பர் 23 சனிக்கிழமை மாலை 5.16 மணிக்கு ஒளிபரப்பத் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைகதைத் தொடர், அவ்வகையில் உலகிலேயே மிக நீண்ட காலம் நிலைத்த தொலைக்காட்சித் தொடர்களுள் முதன்மையானதாக இன்று மதிக்கப்படுகிறது. அத்தொடரின் முதல் ஆறு பருவங்களில், அதாவது 1963 முதல் 1969 வரை, 253 வாரப் பகுதிகள் ஒளிபரப்பாயின. 2013-ஆம் ஆண்டு நிலவரப்படி அவற்றுள் 97 பகுதிகளின் படம் எங்கும் கிடைக்கவில்லை. 26 கதைகள் குறையுடன் நிற்கின்றன. பத்துக் கதைகளுக்கு ஒரு முழுப் பகுதிகூட எஞ்சவில்லை. 1966-67 பருவத்தில் முழுமையாகப் பார்க்கக் கிடைக்கும் கதை ஒன்றும் இல்லை. தீயோ வெள்ளமோ போரோ இவ்வழிவுக்குக் காரணமன்று. தொடரை உருவாக்கிய நிறுவனமே, தன் அலுவலக நடைமுறைப்படி, கையொப்பமிட்டு அவற்றை அழித்தது. அவ்வாறு அழிந்தவை எவ்வாறு ஓரளவேனும் மீண்டன, அம்மீட்பு அத்தொடரைப் பற்றிய மதிப்பீட்டை எவ்வாறு மாற்றியது என்பதை ஆராயும்போது, ஒரு படைப்பு ‘செவ்வியல்’ என்னும் தகுதியை யாரால் பெறுகிறது என்னும் வினாவுக்கும் விடை கிடைக்கிறது.

தொடரின் தோற்றம்

1963-இல் பிபிசி நாடகப் பிரிவின் தலைவராக இருந்தவர் கனடாவிலிருந்து வந்த சிட்னி நியூமன். சனிக்கிழமை பிற்பகல் விளையாட்டு நிகழ்ச்சிக்கும் அதனைத் தொடர்ந்து வந்த இளைஞர் இசை நிகழ்ச்சிக்கும் இடைப்பட்ட நேரத்தில், பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து பார்க்கத்தக்க ஒரு தொடர் வேண்டுமென அவர் விரும்பினார். காலத்தின் முன்னும் பின்னும் செல்லக்கூடிய ஊர்தி ஒன்றில் பயணம் செய்யும் ‘டாக்டர்’ என்னும் மர்ம முதியவரைக் கொண்டு, ஒரு கதையில் வரலாற்றையும் மறு கதையில் அறிவியலையும் கற்பிப்பதே தொடக்கத் திட்டமாக இருந்தது. இப்பொறுப்பு வெரிட்டி லாம்பர்ட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 27. அந்நாளில் நாடகப் பிரிவில் தயாரிப்பாளராக இருந்த பெண் அவர் ஒருவரே. முதற்கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் இந்தியாவின் லக்னோவில் பிறந்தவர். அவருக்கு வயது 24. மூப்பும் வழக்கமும் ஆட்சி செய்த ஒரு நிறுவனத்தில் ஓர் இளம்பெண்ணும் இந்திய வம்சாவளி இளைஞர் ஒருவரும் சேர்ந்து உருவாக்கிய தொடர் இது என்பது, அதன் வரலாற்றில் முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

தொடரின் தலைப்பிசையை ரான் கிரைனர் எழுத, பிபிசியின் ஒலிச் சோதனைக்கூடமான ரேடியோஃபோனிக் வொர்க்ஷாப்பில் டெலியா டெர்பிஷயர் அதற்கு உருக்கொடுத்தார். சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவி புழக்கத்துக்கு வருமுன்பே, மீட்டிய ஒரு கம்பியின் ஓசையையும் மின்னலை இயற்றிகளின் ஒலியையும் நாடாவில் பதிந்து, ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய நீளத்தில் நாடாவை வெட்டி, கையாலேயே ஒட்டி அவ்விசை அமைக்கப்பட்டது. லண்டன் தெருக்களில் காவலர்களின் தொலைபேசிக்காக நின்ற நீல நிறப் ‘போலீஸ் பெட்டி’யே ‘டார்டிஸ்’ என்னும் கால ஊர்தியின் வெளித்தோற்றமாயிற்று. வெளியே சிறிதாகவும் உள்ளே மிகப் பெரிதாகவும் இருக்கும் அவ்வூர்தி, குறைந்த செலவில் எல்லையற்ற கற்பனைக்கு வழிவிட்ட உத்தியாகும். அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட மறுநாள் வெளியானமையால் முதற்பகுதி போதிய கவனம் பெறாமற்போக, அடுத்த வாரம் அது மீண்டும் ஒளிபரப்பப்பட்டது.

இரண்டாம் கதையில் டெர்ரி நேஷன் எழுத்திலும் ரேமண்ட் கியூசிக் வடிவமைப்பிலும் பிறந்த டாலெக்குகள், உலோகக் கூட்டுக்குள் வாழ்ந்து பிற உயிர்கள் அனைத்தையும் வெறுக்கும் இனம், தொடரை நாடறியச் செய்தன. 1966 அக்டோபர் 29-இல், உடல்நலம் குன்றியிருந்த முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல் விலக, அவருடைய பாத்திரமே உருமாறி வேறு முகத்துடன் எழுவதாகக் கதை அமைக்கப்பட்டு, பேட்ரிக் டிரவுட்டன் டாக்டரானார். நடிகர் மாறினும் பாத்திரம் தொடரும் இந்த ஏற்பாடே தொடரின் நீண்ட ஆயுளுக்கு அடித்தளமிட்டது. அத்தகைய முக்கியம் வாய்ந்த அந்தப் பகுதியும் இன்று இல்லை. உருமாறும் காட்சி மட்டும், 1973-இல் ‘புளூ பீட்டர்’ என்னும் சிறுவர் நிகழ்ச்சியில் துணுக்காகக் காட்டப்பட்டதனால் தப்பிப் பிழைத்தது.

அழிவின் காரணங்கள்

அக்காலத்து ஒளிபரப்பாளர் மீது இன்றைய வாசகர் எளிதில் சினங்கொள்ளக் கூடும். ஆயினும் அவர்களுடைய செயலுக்குப் பின்னால் மூன்று காரணங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் அந்நாளுக்கு நியாயமானதாகவே தோன்றியது. முதலாவது, நாடாவின் தன்மை. அமெரிக்க ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-இல் அறிமுகம் செய்த இரண்டு அங்குல அகல வீடியோ நாடா விலை மிகுந்தது. காந்தத்தால் துடைத்து மறுபடியும் பதியலாம் என்பதே அதன் தலையாய பயனாகக் கருதப்பட்டது. அந்நாடாக்கள் பொறியியல் பிரிவின் பொறுப்பில் இருந்தன. அப்பிரிவினருக்கு அவை திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டிய கருவிகளேயன்றிக் கலைப்படைப்புகள் அல்ல. நிறுவனத்தில் படநூலகம் ஒன்று இருந்தபோதிலும், அது படச்சுருளில் எடுக்கப்பட்டவற்றையே தன் பொறுப்பாகக் கொண்டிருந்தமையால், வீடியோ நாடாவில் பதிந்த நாடகங்களைக் காக்கும் கடமை எவருக்கும் உரியதாக இல்லாமற்போயிற்று.

இரண்டாவது காரணம் தொழிற்சங்க உடன்பாடு. பழைய நிகழ்ச்சிகளை மறு ஒளிபரப்புச் செய்துகொண்டே போனால் புதிய நாடகங்களுக்கு இடமின்றி நடிகர்களின் பிழைப்புக் கெடும் என்று அஞ்சிய ‘ஈக்விட்டி’ என்னும் நடிகர் சங்கம், ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் மிகச் சில முறையே மீண்டும் காட்டலாம் என்றும், அதன்பின் புதிதாகப் பேசி ஊதியம் அளிக்க வேண்டும் என்றும் வரையறுத்திருந்தது. இதனால் ஒளிபரப்பி முடிந்த நாடகம் சட்டப்படிப் பயனற்ற பொருளாயிற்று. மூன்றாவது காரணம் வண்ணத்தின் வருகை. முதலில் 405 கிடைக்கோடுகளால் அமைந்த பிரிட்டன் ஒளிபரப்பு படிப்படியாக 625 கோடுகளுக்கு மாறி, 1969 நவம்பரில் பிபிசியின் முதல் அலைவரிசை வண்ணத்துக்கு வந்தது. 1970 ஜனவரியில் ஜான் பெர்ட்வீ நடிப்பில் டாக்டரும் வண்ணத்தில் தோன்றினார். கறுப்பு வெள்ளை நாடகத்தை இனி எவர் வாங்குவர் என்னும் கேள்விக்கு அன்று விற்பனையாளரிடம் விடை இல்லை. 1967-இல் தொடங்கி 1970-களின் நடுப்பகுதிக்குள் அறுபதுகளின் மூல நாடாக்கள் முழுவதும் துடைக்கப்பட்டன.

இத்தொடர் மட்டும் இவ்வாறு தனித்து அழிக்கப்படவில்லை. பிரிட்டன் தொலைக்காட்சியின் முன்னோடி அறிவியல் புனைகதையான ‘குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ 1953-இல் நேரடியாக நடித்து ஒளிபரப்பப்பட்டபோது, அதன் ஆறு பகுதிகளுள் முதல் இரண்டே பதிவுசெய்யப்பட்டன. மனிதன் நிலவில் இறங்கிய 1969-ஆம் ஆண்டு நிகழ்வுக்குப் பிபிசி அரங்கிலிருந்து வழங்கிய ஒளிபரப்பின் பெரும்பகுதியும் எஞ்சவில்லை. தொலைக்காட்சி என்பது மேடை நாடகத்தைப் போல அன்றன்று நிகழ்ந்து அன்றன்றே முடிவது என்னும் எண்ணம் அத்தலைமுறையினரிடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

கடல் கடந்த படச்சுருள்கள்

மூல நாடாக்கள் அனைத்தும் அழிந்தும் 150-க்கும் மேற்பட்ட பகுதிகள் எஞ்சியதற்குக் காரணம், வெளிநாட்டு விற்பனைக்கென எடுக்கப்பட்ட படச்சுருள் படிகளாகும். நாட்டுக்கு நாடு ஒளிபரப்புக் கோடுகளின் எண்ணிக்கை வேறுபட்டதனால், ஒரு நாட்டு நாடாவை மற்றொரு நாட்டில் ஓட்ட இயலாது. ஆனால் 16 மில்லிமீட்டர் படச்சுருளை ஓட்டும் கருவி எல்லா நிலையங்களிலும் இருந்தது. ஆகவே நாடாவை ஓடவிட்டு, உயர்தரத் திரையில் தோன்றும் படத்தைப் படச்சுருள் கேமராவால் மீண்டும் எடுப்பர். ‘டெலிரெக்கார்டிங்’ எனப்பட்ட இம்முறையில் உருவான படிகளை, விற்பனைப் பிரிவான ‘பிபிசி என்டர்பிரைசஸ்’ ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங், சிங்கப்பூர், சைப்ரஸ், நைஜீரியா, ஜாம்பியா முதலிய நாடுகளுக்கு அனுப்பியது.

ஒவ்வொரு நாட்டுக்கும் புதிய படி எடுப்பது செலவு மிக்கதாகையால், ஒரு நிலையம் ஒளிபரப்பி முடித்த சுருளை அடுத்த நாட்டு நிலையத்துக்கு அனுப்பிவிடும் வழக்கமும் இருந்தது. இதனைத் தொழிலில் ‘பைசைக்கிளிங்’ என்றனர். வரிசையின் கடைசியில் நின்ற நிலையம், ஒப்பந்தப்படி சுருளை லண்டனுக்குத் திருப்ப வேண்டும் அல்லது அழித்துச் சான்றளிக்க வேண்டும். திருப்பப்பட்டவற்றை வைக்க இடமில்லாமல், விற்பனை உரிமைக் காலம் முடிந்த சுருள்களை 1972 முதல் 1978 வரை விற்பனைப் பிரிவும் அழித்துக்கொண்டே வந்தது. நாடாவைத் துடைத்தவர்கள் சுருள் இருக்கிறதென நம்பினர். சுருளை அழித்தவர்கள் நாடா இருக்கிறதென நம்பினர். ஒரே நிறுவனத்தின் இரு பிரிவுகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாததன் விளைவைப் பின்வந்த தலைமுறைகள் சுமக்க நேர்ந்தது.

கேட்டும் படித்தும் காத்தவர்கள்

நிறுவனம் கைவிட்ட காலத்தில் இத்தொடரைக் காத்தவர்கள் அதன் பார்வையாளர்களே. வீட்டில் படத்தைப் பதிவுசெய்யும் கருவி அறுபதுகளில் பொதுமக்களிடம் இல்லை. ஆனால் ரீல் டேப் ரெக்கார்டர் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் பொருளாக இருந்தது. வெவ்வேறு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத சில இளைஞர்கள், சனிக்கிழமை மாலைதோறும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்தோ, பெட்டியின் உள்ளிணைப்பிலிருந்து நேரே கம்பி இழுத்தோ, ஒவ்வொரு பகுதியின் ஒலியையும் பதிந்து வைத்தனர். அவர்களுடைய உழைப்பால், படம் காணாமற்போன 97 பகுதிகளுக்கும் முழு ஒலி இன்று கிடைக்கிறது. ஒரு தொடரின் காணாமற்போன பகுதிகள் அனைத்துக்கும் ஒலி எஞ்சியிருப்பது தொலைக்காட்சி வரலாற்றில் மிக அரிது. அது முழுவதும் எவராலும் ஏவப்படாத தனிமனிதர்களின் பற்றினால் விளைந்தது.

ஒலியைப் போலவே நிழற்படமும் ஒருவர் உழைப்பால் எஞ்சியது. ஜான் குரா என்னும் லண்டன் ஒளிப்படக்காரர் 1940-களின் பிற்பகுதியிலிருந்து, தொலைக்காட்சித் திரையில் ஓடும் நிகழ்ச்சிகளைத் தம் கேமராவால் சிறு படங்களாக எடுத்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பு அலுவலகங்களுக்கும் விற்றுவந்தார். தாம் நடித்ததையோ இயக்கியதையோ மறுபடி பார்க்க வழியில்லாத அக்காலத்தில், ‘டெலிஸ்நாப்’ எனப்பட்ட அப்படங்களே கலைஞர்களுக்குத் தம் பணியின் நினைவாக இருந்தன. ஒரு பகுதிக்கு அறுபது எழுபது படங்கள் வீதம் அவர் எடுத்தவற்றுள் பல, கேவர்ஷமில் உள்ள பிபிசி எழுத்தாவணக் காப்பகத்தில் 1990-களில் கண்டெடுக்கப்பட்டன. ஏழு பகுதிகளும் அழிந்துபோன ‘மார்கோ போலோ’ என்னும் 1964-ஆம் ஆண்டுக் கதையில், தாம் இயக்கிய பகுதிகளின் டெலிஸ்நாப் படங்களை வாரிஸ் ஹுசைன் தம்மிடமே பாதுகாத்து வைத்திருந்தார். அவை பிற்காலத்தில் வெளிவந்தபோது, அக்கதையின் அரங்க அமைப்பும் உடையழகும் முதன்முறையாக வரிசையாக அறியவந்தன.

மறு ஒளிபரப்பும் இல்லை, வீட்டுக் காணொளியும் இல்லை என்ற நிலையில், எழுபதுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பழைய கதைகள் எழுத்தின் வழியாகவே வந்துசேர்ந்தன. 1973-இல் டார்கெட் பதிப்பகம் தொடங்கிய மலிவு விலை நாவல் வரிசை, தொலைக்காட்சிக் கதைகளை ஒவ்வொன்றாக உரைநடையில் வழங்கியது. தொடரின் எழுத்தாளருள் ஒருவரான டெரன்ஸ் டிக்ஸ் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். எளிய நடையும் விரைந்த ஓட்டமும் கொண்ட அப்புத்தகங்கள் ஒரு தலைமுறைக்கு வாசிப்புப் பழக்கத்தையே ஊட்டின. 1976-இல் ‘டாக்டர் ஹூ அப்ரிசியேஷன் சொசைட்டி’, அதாவது டாக்டர் ஹூ போற்றுநர் சங்கம், நிறுவப்பட்டது; 1979 அக்டோபரில் தொடருக்கெனத் தனி வார இதழ் பிறந்தது. எந்தக் கதை எந்நாளில் வந்தது, யார் எழுதியது, யார் இயக்கியது என்னும் பட்டியல்களை இவ்வமைப்புகளைச் சேர்ந்தோர் வரிசையாகத் தொகுத்தனர். எது இருந்தது என்று தெரிந்த பின்னரே எது தொலைந்தது என்று கேட்க முடியும். அக்கேள்விக்கு அடிப்படை அமைத்தவை இப்பட்டியல்களே.

1978: அழிவு நின்ற ஆண்டு

அழிவை நிறுத்திய திருப்பம் 1978-இல் நிகழ்ந்தது. பிபிசியின் முதல் காப்பகத் தெரிவாளராக அமர்த்தப்பட்ட சூ மால்டன், நிறுவனத்தின் நிகழ்ச்சிகளில் எவை எஞ்சியுள்ளன, எவை எவ்வாறு அழிந்தன என்பதை ஆராய முற்பட்டபோது, நீண்ட காலம் ஓடிய தொடர் என்பதனால் ‘டாக்டர் ஹூ’வையே மாதிரி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய அதே காலத்தில் இயன் லெவின் என்னும் ரசிகர், பழைய பகுதிகளைத் தேடி விற்பனைப் பிரிவை அணுக, டாலெக்குகள் தோன்றிய முதற்கதையின் சுருள்கள் அழிவுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. உள்ளிருந்து ஒரு நூலகரும் வெளியிலிருந்து ஒரு ரசிகரும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியை எழுப்பியமையால் அழிப்பு நின்றது. எஞ்சிய சுருள்கள் நூலகத்துக்கு மாற்றப்பட்டன; வெளிநாட்டு நிலையங்களுக்குக் கடிதங்கள் சென்றன.

அதன் பயன் மூன்றே ஆண்டுகளில் தெரிந்தது. 1981 நவம்பரில் பிபிசியின் இரண்டாம் அலைவரிசை, அதுவரை டாக்டராக நடித்தோரின் கதைகளைத் தெரிந்தெடுத்து ஒரு சிறப்பு வரிசையாக ஒளிபரப்பியது. 1963-இன் முதற்கதையை, அது வெளியானபோது பிறந்தேயிராத பார்வையாளர்கள் அன்று கண்டனர். 1983-இல் முதல் வீடியோ கேசட் வெளிவந்தது, 39.95 பவுண்டு என்பது அந்நாளில் பெருந்தொகையாயினும் அதனை வாங்க மக்கள் இருந்தனர். விற்பனைக்கு உதவாதவை என்று எரிக்கப்பட்டவற்றுக்கு உலகெங்கும் சந்தை உண்டு என்பது, பெரும்பகுதி அழிந்த பின்னரே நிறுவனத்துக்குப் புலனாயிற்று.

எதிர்பாராத இடங்களில் கிடைத்தவை

மீட்பின் வரலாற்றில் மையத்தைவிட ஓரங்களே அதிகம் தந்தன. பன்னிரண்டு பகுதிகள் கொண்ட ‘டாலெக்ஸ் மாஸ்டர் பிளான்’ கதையின் இரண்டு பகுதிகள் 1983-இல் லண்டன் கிளாப்பம் பகுதியில் மார்மன் திருச்சபைக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் கிடைத்தன. அதே கதையின் மற்றொரு பகுதி, அழிக்கச் சொன்னபோது மனம் ஒப்பாமல் எடுத்து வைத்துக்கொண்ட முன்னாள் பிபிசி பொறியாளர் ஒருவரிடமிருந்து 2004-இல் திரும்பியது. 1999-இல் நியூசிலாந்துச் சேகரிப்பாளர் ஒருவரிடம் ஒரு பகுதியும், 2011-இல் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற தொலைக்காட்சிப் பொறியாளர் ஒருவரிடம் இரண்டு பகுதிகளும் வெளிப்பட்டன. ஹாங்காங் நிலையத்திலிருந்து ‘டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையின் நான்கு பகுதிகளும் ஒருசேரக் கிடைத்த செய்தி 1992-இன் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது.

ஆஸ்திரேலியத் தணிக்கைத் துறையின் பங்கு இவ்வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது. சிறுவர்களுக்கு அச்சமூட்டும் எனக் கருதிய காட்சிகளை அத்துறை வெட்டி நீக்கச் செய்து, வெட்டிய துண்டுகளைச் சான்றுக்காகக் கோப்பில் வைத்திருந்தது. முழுச் சுருள்கள் அழிந்துபோக, சில நொடிகளே நீளும் அத்துண்டுகள் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1996-இல் கண்டெடுக்கப்பட்டன. காட்டத்தகாதவை என்று தணிக்கை செய்யப்பட்டவை மட்டுமே பல பகுதிகளில் இன்று காணக்கூடியவையாக உள்ளன.

யாவற்றிலும் பெரிய அண்மைக்கால மீட்பு நைஜீரியாவில் நிகழ்ந்தது. பழைய நிகழ்ச்சிகளைத் தேடி ஆப்பிரிக்க நிலையங்களை நேரிற் சென்று ஆராய்ந்துவந்த பிலிப் மாரிஸ், ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தின் அலமாரியில் தூசு படிந்து கிடந்த சுருள்களைக் கண்டார். ‘எனிமி ஆஃப் தி வேர்ல்டு’, ‘வெப் ஆஃப் ஃபியர்’ என்னும் 1967-68 பருவக் கதைகளைச் சேர்ந்த ஒன்பது தொலைந்த பகுதிகள் அவற்றில் இருந்தன. 2013 அக்டோபரில் இச்செய்தி வெளியானபோது முன்னதன் ஆறு பகுதிகளும் நிறைவுற்றன. பின்னதில் மூன்றாம் பகுதி மட்டும் குறைந்தது. பிரிட்டன் தன் தலைநகரில் காக்கத் தவறியதை, வெப்பமும் ஈரமும் மிக்க மேற்கு ஆப்பிரிக்காவின் மாநில நிலையம் ஒன்று பல பத்தாண்டுகளாக வைத்திருந்தது.

மீட்பும் மறுமதிப்பீடும்

தொலைந்த படைப்பு திரும்பி வரும்போது அதனைப் பற்றி உருவாகியிருந்த கருத்தும் சோதனைக்கு உள்ளாகிறது. ‘டூம் ஆஃப் தி சைபர்மென்’, 1967-இல் கண்டவர்களின் நினைவில் வளர்ந்து, காண இயலாத பேரிலக்கியம்போல் போற்றப்பட்டிருந்தது. பனி மூடிய அடுக்குக் கல்லறைகளின் படலத்தைக் கிழித்துக்கொண்டு உலோக மனிதர் எழுந்துவரும் காட்சி நினைவிலிருந்த அச்சத்தை மெய்ப்பித்தது. ஆயினும் கதையின் தளர்ந்த இடங்களும் அரங்கின் சிக்கனமும் அதனுடன் சேர்ந்தே தெரிந்தன. மறுபுறம், ‘எனிமி ஆஃப் தி வேர்ல்டு’ கதையின் ஆறு பகுதிகளுள் நெடுங்காலம் எஞ்சியிருந்தது மூன்றாம் பகுதி ஒன்றே. அறைக்குள்ளேயே நகரும் அதனைக் கொண்டு முழுக்கதையும் மந்தமானது என்று பலர் எழுதிவந்தனர். 2013-இல் முழுவதும் கிடைத்தபோது, ஹோவர்கிராஃப்டும் ஹெலிகாப்டரும் விரையும் முதற்பகுதியையும், டாக்டராகவும் சலமாண்டர் என்னும் கொடுங்கோலனாகவும் பேட்ரிக் டிரவுட்டன் ஏற்ற இரட்டை வேடத்தின் நுட்பத்தையும் கண்டு, அக்கதை அக்காலத்தின் சிறந்தவற்றுள் ஒன்றென மதிப்பீடு மாறியது. எஞ்சிய ஒரு துண்டைக் கொண்டு முழுமையை அளப்பது எவ்வளவு பிழைபடக் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டிரவுட்டனின் நடிப்புக்கு நேர்ந்த இழப்பே இவ்வழிவில் மிகக் கொடியது எனலாம். அவர் குரலால் மட்டும் நடித்தவர் அல்லர். கண்ணோரப் பார்வையாலும் கைகளின் தடுமாற்றத்தாலும், கோமாளிபோல் தோன்றிச் சட்டெனக் கூர்மை கொள்ளும் முகத்தாலும் பாத்திரத்தை அமைத்தவர். ஒலிப்பதிவு அவரில் பாதியையே காக்கிறது. மீண்டு வந்த பகுதிகளே அவரைப் பின்வந்த நடிகர்களின் ஆசானாக்கின. 2010-இல் டாக்டராக வந்த மேட் ஸ்மித், ‘டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையைப் பார்த்துத் தம் நடிப்புக்கும் உடைக்கும் வழிகண்டதாகக் கூறியிருப்பது, ஹாங்காங்கிலிருந்து திரும்பிய நான்கு சுருள்களின் பயனைக் காட்டுகிறது.

சீரமைப்பு என்னும் கலை

கிடைத்ததைக் கிடைத்தவாறே விட்டுவிடாமல், முதல் ஒளிபரப்பில் இருந்தவாறு காட்ட வேண்டும் என்னும் முயற்சியிலிருந்து தனியொரு தொழில்நுட்ப மரபே வளர்ந்தது. வீடியோவில் நொடிக்கு 50 அரைப்படங்களாக ஓடிய அசைவு, படச்சுருளுக்கு மாறியபோது நொடிக்கு 25 முழுப்படங்களாகச் சுருங்கி, நேரடி நிகழ்ச்சிக்குரிய வழுவழுப்பை இழந்தது. கணினியின் துணையால் இடைப்பட்ட நிலைகளைக் கணித்து அந்த அசைவை மீட்கும் ‘விட்ஃபயர்’ முறை உருவாக்கப்பட்டது. வண்ணத்தில் எடுக்கப்பட்டுக் கறுப்பு வெள்ளைச் சுருளாக மட்டும் எஞ்சிய எழுபதுகளின் கதைகளுக்கு, அமெரிக்காவில் இல்லத்தில் பதிந்த மங்கிய வண்ண நாடாவிலிருந்து நிறத்தை எடுத்துச் சுருளின் தெளிவோடு இணைத்தனர். இன்னும் சில சுருள்களில், வண்ணச் செய்தியைத் தாங்கிய அலை நுண்புள்ளிகளாகப் பதிந்திருந்ததைக் கவனித்து, அப்புள்ளிகளிலிருந்தே நிறத்தைக் கணித்தெடுக்கும் முறையையும் பொறியாளர்கள் கண்டனர். இப்பணிகளில் ஈடுபட்டோருள் பலர், சிறுவயதில் இத்தொடரைக் கண்டு தொலைக்காட்சித் தொழிலுக்கு வந்தவர்கள்.

படமே இல்லாத பகுதிகளுக்கு, எஞ்சிய ஒலியையும் டெலிஸ்நாப் படங்களையும் ஆதாரமாகக் கொண்டு அசைவூட்டப் படங்கள் அமைக்கப்படுகின்றன. 2006-இல் ‘இன்வேஷன்’ கதையின் இரு பகுதிகளுடன் தொடங்கிய இம்முயற்சி, டிரவுட்டனின் முதற்கதையான ‘பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ ஒளிபரப்பாகி ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 2016 நவம்பரில், அதன் ஆறு பகுதிகளையும் வழங்கும் அளவுக்கு வளர்ந்தது. நடிகரின் முகம் தந்ததை வரைகோடு தர இயலாது என்பது உண்மையே. எனினும் இளைய பார்வையாளர் அக்கதைக்குள் நுழைய அது ஒரு வாயிலாகிறது.

1989 டிசம்பரில் நிறுத்தப்பட்ட தொடர் 2005 மார்ச் 26-இல் மீண்டும் தொடங்கியது. அதனை மீட்டெழுதிய ரசல் டி. டேவிஸ், பழைய தொடரைக் கண்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர். 2023 நவம்பரில் தொடரின் அறுபதாம் ஆண்டையொட்டி, 800-க்கும் மேற்பட்ட பகுதிகளைப் பிபிசி தன் இணையத் தளத்தில் ஒருசேர வெளியிட்டது. ஒருகாலத்தில் வைக்க இடமில்லை என்று எரிக்கப்பட்டவை, இன்று அந்நிறுவனத்தின் விலைமதிப்பற்ற உடைமைகளாகப் பேசப்படுகின்றன.

இவ்வரலாறு முழுவதையும் தொகுத்துநோக்கும்போது ஒரு தீர்ப்பு தெளிவாகிறது. எந்தப் படைப்பு செவ்வியலாகும் என்பதை அதன் காலத்து உரிமையாளரோ கணக்கரோ கிடங்குப் பொறுப்பாளரோ முன்கூட்டி அறிய முடியாது. அதனால் காத்து வைத்தல் முதலிலும், மதிப்பிடுதல் பின்னரும் வர வேண்டும். பிபிசி அம்முறையை மாற்றி, மதிப்பிட்டு முடித்துவிட்டோம் என்று எண்ணி அழித்தது. டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்திய இளைஞரும், அழிக்கச் சொன்ன சுருளை வீட்டுக்கு எடுத்துச் சென்ற பொறியாளரும், தாம் விற்ற நிழற்படங்கள் ஒருநாள் வரலாற்றுச் சான்றாகும் என்று அறியாமலே உழைத்த ஜான் குராவும், அதற்கு மாறாக, மதிப்பிடும் உரிமையைப் பின்வரும் தலைமுறைக்கு விட்டுச் சென்றனர். தொலைந்த பகுதிகளைத் தேடும் பணி இன்றும் தொடர்கிறது. பழைய தொலைக்காட்சி நிலையங்களின் அலமாரிகளும், தனியார் சேகரிப்புகளும், மறைந்தோரின் வீட்டுப் பரண்களும் இன்னும் முழுவதுமாகத் திறந்து பார்க்கப்படவில்லை.